கூடப்பிறந்தவள் வீட்டுச் சேவல்

ஒரு சேவலுக்காக வேலையை விட்டவள் என்று எருமப்பட்டியில் என் பேர் அடிபடுகிறது. நான் விடவில்லை. துரத்தினார்கள். விட்டதற்கும் துரத்தியதற்கும் வித்தியாசம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு ஆறும்.

என் பேர் பாவாயி. ஊருக்கு வடக்கே இருக்கிற தாய்க்கோழிப் பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. கடைக்குப் போகிற முட்டை இல்லை, குஞ்சு பொரிக்கப் போகிற முட்டை. அங்கே கோழிக்கு இருக்கிற மரியாதை மனுசிக்குக் கிடையாது. வெளியிலிருந்து ஒரு சீக்கு உள்ளே போனால் கொட்டகை கொட்டகையாகக் காலியாகிவிடும் என்று பயம். அதனால் காலையில் போனதும் போன், செருப்பு, தலையில் குத்தின ஊசி வரைக்கும் வெளியறையில் வைத்துவிட வேண்டும். தலைக்குக் குளிக்க வேண்டும். பண்ணையில் கொடுக்கிற உடுப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கலாம். மார்கழிக் குளிரானாலும் இதே கதைதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி, புறா, கிளி என்று றெக்கை முளைத்த எதுவும் இருக்கக் கூடாது. கோழி வளர்க்கிற வீட்டுக்குப் போய் வந்தாலும் மூன்று நாளைக்கு உள்ளே விடமாட்டார்கள். கோழியால் பிழைக்கிறவள் வீட்டில் கோழி இருக்கக் கூடாதாம். நல்ல நியாயம்!

குளிக்கிற அறையில் கண்ணாடி கிடையாது. மாட்டி வைத்தால் பொம்பளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று மேலே இருக்கிற எந்தப் புத்திசாலியோ முடிவு செய்திருக்கிறான். சீப்பு மட்டும் கிடக்கும். ஈரத் தலையை ஒருத்திக்கு ஒருத்தி வகிடெடுத்துப் பின்னிவிட்டுக்கொள்வோம். எனக்கு மதுமதி, அவளுக்கு நான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா, இந்தப் பக்கம் நரை எட்டிப் பாக்குது, மறைச்சு வுடட்டுமா?" என்று பொடனியில் விரலால் தட்டிக் கேட்பாள். என் முகம் எப்படி இருக்கிறது என்று அவள்தான் எனக்குச் சொல்லுவாள்.

என் வீட்டில் அதைச் சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்காரர் சின்னண்ணன் ரிக் வண்டியில் போர் போடப் போகிறவர். சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்று எங்கேயாவது காட்டுக்குள் கிடப்பார். பொங்கலுக்கு வந்தால் உண்டு. மகள் கிருத்திகாவைச் சேலத்துப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. காட்டுப் பாதைக் கடைசியில் என் வீடு. கதவைச் சாத்தினால் நான், திறந்தாலும் நான். ஆக, பண்ணைதான் எனக்கு மனுசர் இருக்கிற இடம். மதுமதிதான் அந்த மனுசர்.

அவளுக்கும் ஒரு மகனைத் தவிர யாரும் இல்லை. புருசன் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய் இன்னொருத்தியோடு இருக்கிறான். மகன் தர்ஷன் காலேஜ் படிக்கிறான். போன வருசம் வண்டியில் போய் லாரிக்குள் விட்டுக்கொண்டான். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய், வாயில் குழாய். நான் லீவு போட்டுவிட்டு அவளோடு கிடந்தேன். அங்கே வராந்தாவில் உட்கார்ந்துதான் மதுமதி முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். பையன் எழுந்து நடந்தால் சேவல் வெட்டுகிறேன் என்று.

பையன் எழுந்தான். கால் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் நடக்கிறான். பூசாரியிடம் போனோம். எங்கள் முனியப்பனுக்குச் சந்தையில் பிடித்து வந்த சேவல் ஆகாது. குஞ்சிலிருந்து வளர்க்க வேண்டும். காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டால் ஆடித் திருவிழாவான நோம்பி நாள் வரைக்கும் அதன் கழுத்தில் யார் கத்தியும் படக்கூடாது. பட்டால் அந்தக் கேடு, வேண்டுதல் யாருக்காகவோ அவர்களையே சேரும். வேண்டிக்கொண்டவள் வீட்டில்தான் அது வளர வேண்டும். முடியாவிட்டால் அவளோடு கூடப்பிறந்தவள் வீட்டில் வளரலாம், வேறெங்கும் கூடாது.

மதுமதி குடியிருப்பதோ பண்ணை கேட்டுக்கு நேரெதிர் வாடகை வீடு. மேனேஜர் மோகன்குமாரின் கார் தினமும் அவள் வாசலில்தான் திரும்பும். குஞ்சு ஒரு சத்தம் போட்டால் போதும்.

பூசாரி கேட்டார். "ஏஞ் சாமி, கூடப்பொறந்தவ ஆராச்சும் இருக்கறாளா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்குதுங்க. எங்கக்கா ஊட்டுல வளரட்டுங்க."

"அப்பச் செரி. நோம்பியன்னைக்கும் கேப்பேன், இதையே சொல்லோணும். ஒரு தொடை கூடப்பொறந்தவ பங்கு. மறந்துறாத."

நான் எங்கள் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவள் என்று என்னைச் சொல்ல இந்த உலகத்தில் யாரும் கிடையாது. வேலைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வார்த்தைக்காகத்தான் குஞ்சை முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மூங்கில் கூடைக் கொடாப்புக்குள் வளர்ந்தது. சிவப்பும் கறுப்புமாக வாலை வளைத்துக்கொண்டு, என்ன திமிர் என்கிறீர்கள்! அதைத் தொட்ட சேலையோடு பண்ணைப் பக்கம் போனதே இல்லை. தேங்காய் நார் போட்டு உடம்பைத் தேய்ப்பேன். நேர்ந்துவிட்டதற்குப் பேர் வைக்கக் கூடாது. அதனால் சாமி என்று கூப்பிட்டேன். "சாமி, சித்த இரு, கம்பு போடறேன்" என்றால் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். மதுமதி வந்து பார்க்க முடியாது, கோழி இருக்கிற வீடாயிற்றே. தலை பின்னும்போது காதோரம் கேட்பாள். "அக்கா, கூப்புடுதா?" என்பாள். "ஊரையே எழுப்புது" என்பேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அப்புறம் அவளைச் சூப்பர்வைசராக்கினார்கள். எனக்குச் சந்தோசம்தான். பொறாமைப்பட்டேன் என்று பேசுகிறவர்கள் பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அன்றைக்கு நடந்தது இது. குளித்து, உடுப்பு மாற்றி, தலை பின்னி, கொட்டகைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். காவல்காரர் கூப்பிட்டார். "உங்க ஊட்டுக்காரரு போன் மேல போன் போடறாருங்க." காட்டுக்குள் வண்டி நின்றால் அவருக்குச் சிக்னல் கிடைப்பதே பெரிய பாடு. ஓடினேன். சாப்பிட்டாயா, காலுக்கு எண்ணெய் போடுகிறாயா, இங்கே ஒரே மழை. அவ்வளவுதான் பேச்சு. அவர் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் மதுமதி வாசலில் கையை நீட்டி மறிக்கிறாள். பின்னால் கொட்டகை ஆட்கள் எல்லோரும் நிற்கிறார்கள்.

"பாவாயி, வெளிய போயிட்டு வந்திருக்கற. மறுக்கா குளிச்சுட்டு வா."

"இப்பத்தானடி நீ எனக்குப் பின்னி வுட்ட?"

"அது அப்ப. ரூல்சு ரூல்சுதான்."

சட்டப்படி அவள் சொன்னது சரி. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவாயி என்றாளே! முந்தின நிமிசம் வரைக்கும் அக்கா. நாலு பேர் முன்னால் பாவாயி. என் முதுகுக்குச் சோப்புப் போட்டவள் என்னை அழுக்கு என்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"புருசன் வுட்டுட்டுப் போனவளுக்கு அடுத்தவ புருசன் போன் பண்ணுனாப் பொறுக்காதுடி!"

கொட்டகையில் அத்தனை கோழி கத்துகிறது, ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மதுமதியின் முகத்தில் ரத்தம் வற்றிப் போயிற்று. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவள் கையை இறக்கிக்கொண்டு நேராக ஆபீஸ் பக்கம் நடந்தாள். நான் போய் மறுபடி குளித்தேன். தலையைப் பின்னிக்கொள்ளாமலே முட்டை எடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் புறப்படுகிற நேரத்துக்கு மோகன்குமார் என் வாசலில் வந்து நின்றார். கூட டிரைவர். அந்த நேரம் பார்த்துச் சேவல் கொடாப்பு மேலே ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டது. அதற்கு விவஸ்தை ஏது?

"மதுமதி சொன்னப்ப நான் நம்பலைங்க" என்றார். "ஏனுங்க பாவாயி, நீங்களாங்க இப்படி?"

மதுமதி சொன்னப்ப.  அவளுடைய சேவலை அவளே காட்டிக் கொடுத்திருக்கிறாள்! கோபத்தில் கண் தெரியாது என்பார்கள், சொந்த மகனுடைய வேண்டுதல்கூடவா தெரியாமல் போகும்?

மோகன்குமார் கெட்டவர் இல்லை. என் வேலை சுத்தம் என்று அவருக்குத் தெரியும். "இங்கயே, என் கண்ணு முன்னால அறுத்துருங்க. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுக்கறேன். மூணு நாள் கழிச்சு வழக்கம் போல வாங்க" என்றார்.

அரிவாள்மணை அடுப்படியில் இருந்தது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சேவலைத் தூக்கினேன். காலில் மஞ்சள் நூல். தர்ஷன் மூக்கில் குழாயோடு கிடந்தது எனக்கு முன்னால் வந்து நின்றது.

"முடியாதுங்க. நேந்துவுட்டது."

"ஆருக்காக?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தப்பித்துவிடுவேன், அவளை வெளியே தள்ளுவார்கள். அவள் சொன்னாளே, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அவள் கோபத்தில் சொன்னாள். நானும் கோபத்தில்தான் சொல்லவில்லை. அவளே வந்து சொல்லட்டும் என்கிற கோபம்.

"எனக்குத்தானுங்க" என்றேன்.

"அப்பச் சேவலயே வெச்சுக்கிட்டு இருங்க. நாளையிலருந்து கேட்டுக்குள்ள வர வேண்டாம்."

அப்படித்தான் என் வேலை போயிற்று.

அதற்கப்புறம் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல? என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது. கோழி இருக்கிற வீடு. கடையில் பார்த்தால்கூட இரண்டடி தள்ளி நின்றே பேசினார்கள். அப்புறம் அதுவும் நின்றது. வீட்டில் இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறது, ஆனால் எனக்கு வகிடு நேராக வரவில்லை. கை அந்த வேலையை மறந்துவிட்டது. காலையில் கோழி கூப்பிட எழுந்து, எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைவு வந்து, மறுபடி படுப்பேன். "சாமி, இன்னைக்கு என்ன சோறு ஆக்கட்டும்?" என்று சேவலிடம் கேட்பேன். இருந்த ஒரே பேச்சுத்துணை அதுதான். அதனால்தானே வேலை போனது என்று ஒரு நாள் வாசல் கூட்டுகிற சீவக்கட்டையை எடுத்து வீசினேன். அப்புறம் நானே போய்த் தடவிக் கொடுத்தேன்.

மதுமதி வருவாள் என்று வாசலைப் பார்த்தேன். போன் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

கிருத்திகாதான் தங்கசாமியிடம் என்னை அனுப்பினாள். நாமக்கல்லில் தொழிற்சங்கத்துக்காரர். பழைய மொபெட்டும் ஜோல்னாப் பையுமாக இருப்பார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தன் தொடையில் தட்டினார்.

"விசாரணை வெக்காம, எழுத்துல ஒண்ணுங் குடுக்காம ஒரு ஆளை நிறுத்துனாச் செல்லாதுங்க அம்மிணி. தொழிலாளர் அலுவலகத்துல மனுப் போடுவோம். வேலை திரும்பக் கெடைக்கும்." அப்புறம் குரலை இறக்கினார். "சேவலு உங்களுது தானா? வேற ஆருதாச்சும்னா இன்னும் சுளுவு."

"என்னோடதுதாங்க."

அவர் ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டார். "செரி. வாரப்ப அந்தக் கோவத்தை மட்டும் ஊட்டுல வெச்சுப் பூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கேட்டுக்குள் மறுபடி நான் போக வேண்டும். போனால் அந்தக் குளியலறையில், அந்த ஈரத் தரையில், அவளும் நானும் எதிரெதிரே நிற்க வேண்டி வரும். தலை காய்வதற்குள் பேசித்தானே ஆக வேண்டும்? அதற்காகத்தான் வழக்கு. சம்பளத்துக்கு என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும்.

சமரசப் பேச்சு என்று நாமக்கல்லுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். மோகன்குமார் சாட்சிக்கு மதுமதியைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நிமிரவே இல்லை. குனிந்த தலையில் வகிடு தெரிந்தது. பாதி வழியில் இடப்பக்கம் ஓடிப்போயிருந்தது. அவளுக்கும் யாரும் பின்னிவிடவில்லை. எழுந்து போய்க் கலைத்துச் சீவிவிடலாம் போல என் கை பரபரத்தது. சண்டைக்கு வந்த இடத்தில் என்ன நினைப்பு பாருங்கள்!

தங்கசாமி விசாரணை இல்லை, அது இல்லை, இது இல்லை என்று அடுக்கினார். அதிகாரியம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

மோகன்குமார் விடவில்லை. "மேடம், நாங்க வாய்ப்புக் குடுத்தோம். ஊட்டுக்கே போயி, சேவலை அறுத்துட்டு மூணு நாள் கழிச்சு வேலைக்கு வாங்கன்னு சொன்னேன். முடியாதுன்னுட்டாங்க."

மதுமதி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அறுக்கச் சொன்னீங்களா?"

அவளுக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை. மோகன்குமாரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறாள். சொல்லுடி, இப்போதாவது சொல்லு என்று நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அதிகாரியம்மா முடித்து வைக்கப் பார்த்தார். "சரி. விசாரணை இல்லாம நீக்குனது தப்பு. நீங்க இவங்களைத் திரும்பச் சேர்த்துக்கணும். பாவாயி, நீங்க அந்தச் சேவலை அப்புறப்படுத்தணும். ரெண்டு பக்கமும் சம்மதமா?"

"இன்னைக்கு அறுத்தா மூணு நாள் கழிச்சு வரட்டுங்க" என்றார் மோகன்குமார்.

"ஆடி நோம்பி வரைக்கும் முடியாதுங்க" என்றேன்.

தங்கசாமி என் முழங்கையைச் சுரண்டினார். "அம்மிணி, ஒத்தச் சேவலுங்க..."

"முடியாதுங்க."

அதிகாரியம்மாவுக்குச் சலிப்பு. மதுமதி பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் பழக்கமாமே. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்களேன்."

மதுமதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். தரையைப் பார்த்துச் சொன்னாள். "அறுத்துறட்டுங்க மேடம். அவிய வேலைக்கு வரட்டும்."

எனக்காகச் சொன்னாளா, தன் வேலைக்காகச் சொன்னாளா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசிக்க எனக்கு எங்கே புத்தி இருந்தது? எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏண்டி கூறு கெட்டவளே! உம்பட பையன் உசுருக்கு நேந்துவுட்ட சேவலை அறுக்கச் சொல்லி நீயாடி சொல்ற? அதுக்கு ஒண்ணுன்னா தர்ஷனுக்கு ஆருடி பதில் சொல்றது? அதுக்காடி நான் வேலையத் தொலைச்சுட்டு ஒண்டியாக் கெடக்கறேன்!"

 வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தி என்ன ஆகப் போகிறது? கோபத்தை வீட்டில் பூட்டிவிட்டு வரச் சொன்னாரே மனுசர். பூட்டத் தெரிந்திருந்தால் எனக்கு இத்தனை பாடு எதற்கு?

"சேவல் யாருது?" என்று அதிகாரியம்மா மெதுவாகக் கேட்டார்.

மதுமதி எழுந்தாள். "என்னோடதுங்க மேடம். அவிய ஊட்டுல வளருது, அவ்வளவுதான்."

அவிய. அங்கேயும் அக்கா என்று சொல்லவில்லை.

மோகன்குமாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப நாளையிலருந்து நீங்க கேட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

அதிகாரியம்மா மேசையைத் தட்டினார். "மறுபடியுமா? இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? விசாரணை வெக்காம யாரையும் நிறுத்தக் கூடாது."

"விசாரணையெல்லாம் வேண்டாங்க" என்றாள் மதுமதி. "நானே நின்னுக்கறேன். சேவலு இனி எங்கூட்டுலயே இருக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சற்று முன்பு அத்தனை சத்தம் போட்ட வாய், அப்போது எழும்பவில்லை.

வெளியே வந்ததும் தங்கசாமி டீ வாங்கிக் கொடுத்தார். "ஜெயிச்சுட்டோமுங்க!" என்று என் கிளாஸில் தன் கிளாஸை இடித்தார். நான் கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தேன். மதுமதி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் போக வேண்டியது ஒரே பஸ். அவள் ஏறினாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

அன்று சாயங்காலமே சேவலை எடுத்துப் போக வந்தாள். தர்ஷன் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாசல்படிக்குக் கீழேயே நின்றாள்.

"உள்ள வா மதி."

"வேண்டாம்."

சேவலை எடுத்து வந்து கொடுத்தேன். கைமாறும்போது றெக்கையை அடித்துக்கொண்டு என் பக்கமே திரும்பியது. "கம்பு போடு. அரிசி போட்டாத் திங்காது. தலையில கை வெச்சா அடங்கிரும்" என்றேன்.

"செரி."

"மதி, அன்னைக்கு நான் அந்த வார்த்தையச் சொன்னது..."

"அத வுடு." சேவலை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அன்னைக்கே நீ இத அறுத்திருக்கலாம். உன்னய வெறுத்துட்டாச்சும் நிம்மதியா இருந்திருப்பேன்."

 அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். காலிக் கொடாப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று நான் சோறு ஆக்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போனேன். வீட்டைக் கழுவி மருந்தடித்து, மூன்று நாள் கழித்துத்தான் விட்டார்கள். கேட்டிலேயே மோகன்குமார் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார். "எதிர் ஊட்டுல இப்பச் சேவல் இருக்குது. அந்த ஊட்டு வாசப்படி ஏறுனவங்க பண்ணைக்குள்ள வரக் கூடாது." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எந்தக் கேட்டுக்குள் போனால் அவளோடு பேசலாம் என்று வழக்குப் போட்டேனோ, அந்தக் கேட்டுக்கு வெளியே இப்போது அவள். உள்ளே நான். நடுவில் ஒரு தார் ரோடு. தினமும் காலையில் நான் செருப்பைக் கழற்றுகிற நேரம் எதிர்வீட்டுப் பின்பக்கத்திலிருந்து சாமி கூப்பிடும். என் செருப்புச் சத்தம் அதற்குத் தெரிகிறதோ என்னவோ. குளித்துவிட்டு வந்தால் எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று பின்னிக்கொண்டிருப்பார்கள். புதுச் சூப்பர்வைசர் ஒரு தரம், "வாங்கக்கா, நான் பின்னி வுடறேன்" என்றாள். நல்ல பிள்ளைதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டேன்.

மதுமதி முட்டைக் கடையில் தட்டு அடுக்குகிற வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

ஆடி நோம்பி வந்தது. முனியப்பன் கோயில் முழுக்கச் சேவலாக நிற்கும். போனால் மூன்று நாள் வேலை போகும். போனால் போகட்டும் என்று கிளம்பியிருப்பேன். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? பம்பைச் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் ஓங்கி, சட்டென்று நின்றது. ஒன்று முடிந்தது என்று அர்த்தம். மறுபடி ஓங்கும், மறுபடி நிற்கும். எது சாமியுடையது என்று தெரியவில்லை.

பொழுது சாய வண்டிச் சத்தம். தர்ஷன் காலை இழுத்துக்கொண்டு வந்தான். கையில் தூக்குப் போசி.

"பெரியம்மா, அம்மா குடுத்துட்டு வரச் சொல்லுச்சு."

திறந்தேன். குழம்பில் ஒரு தொடை கிடந்தது. பங்கு வந்துவிட்டது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறக்கவில்லை பார், என்னதான் இருந்தாலும் மறக்கவில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஏங் கண்ணு, பூசாரி கேட்டாரா? ஆரூட்டுல வளந்துச்சுன்னு?"

"கேட்டாருங்க பெரியம்மா."

"அம்மா என்ன சொன்னா?"

"எங்கூட்டுலதாங்கன்னு சொல்லுச்சு."

எங்கக்கா என்கிற அந்த வார்த்தை அதில் இல்லை. அவனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றான். "போசியக் கையோட வாங்கிட்டு வரச் சொல்லுச்சுங்க" என்றான்.

"சித்த உக்காரு சாமி. கழுவித் தாரேன்."

குழம்பை என் சட்டியில் ஊற்றி மூடி வைத்தேன். ராத்திரி அதைத் தின்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. போசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பார்கள். ஒரு கை சர்க்கரை போட்டேன். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், ஈரம் போகட்டும் என்று மறுபடி கொட்டித் துடைத்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இருக்கிற வரைக்கும் வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது. மெதுவாகவே துடைத்தேன்.